பழைய துப்பாக்கியின் மரக்கட்டை: மெருகு முக்கியமா, வரலாறு முக்கியமா?

துப்பாக்கி என்றதும் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது இரும்புக் குழல்தான். அதைத் தாங்கும் மரக்கட்டையை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. ஆனால் ஒரு பழைய துப்பாக்கி யார் கையில் இருந்தது, எப்படிப் பயன்பட்டது என்பதைப் பல நேரங்களில் அந்தக் கட்டைதான் சொல்கிறது. அப்படியானால், அதைப் "புதுசாக்க" உப்புத்தாளைக் கையில் எடுப்பவர் எதைத் தேய்த்து அழிக்கிறார்? இதற்கு விடை தெரிய, கன்னிவாடிப் பக்கத்து வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

ஆயுதம் பறிபோன கதை

பழனி மலை அடிவாரத்தில், திண்டுக்கல்லுக்கு மேற்கே இருக்கும் கன்னிவாடி, மதுரை நாயக்கர் காலத்து 72 பாளையங்களில் ஒன்று. பாளையக்காரர் வரி வசூலிக்க வேண்டும், காவல் காக்க வேண்டும், மதுரை கேட்டால் படையும் அனுப்ப வேண்டும். பாளையப் படைகளில் வேல், வாளோடு திரித் துப்பாக்கியும் இருந்தது. கனன்றுகொண்டிருக்கும் திரியால் வெடிமருந்தைப் பற்ற வைக்கும் எளிய கருவி அது. குழலையும் கட்டையையும் தோல்வாராலோ உலோகப் பட்டையாலோ சேர்த்துக் கட்டியிருப்பார்கள்.

1755-ல் திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு அங்கே ஆயுதச் சாலையே அமைத்தார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கும்பினியார் கைக்குப் போனது. பக்கத்துப் பாளையமான விருப்பாச்சியின் கோபால நாயக்கர் கும்பினியை எதிர்த்துப் போரிட்டு 1801-ல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தெற்குப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. பின்னர் 1878-ல் வந்த ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க முடியாதபடி செய்தது.

இப்படிப் பறித்தது போக மிஞ்சியவை கொஞ்சம்தான். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் சில சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆகவே, தப்பிப் பிழைத்த ஒவ்வொரு கட்டையும் ஒரு சாட்சி!

மரத்தில் இருக்கும் சாட்சியம்

1853-ல் வந்த என்ஃபீல்டு ரைபிளை எடுத்துக்கொள்வோம். 1857 கிளர்ச்சியில் பேசப்பட்ட கொழுப்புத் தோட்டா இதற்கானதுதான். இதன் கட்டை வால்நட் மரம். பின்கட்டையின் வலப்பக்கத்தில் வட்ட முத்திரையும், ஆங்காங்கே சோதனையாளர் அடையாளங்களும் குத்தியிருப்பார்கள். இவற்றின் ஆழம் மிகக் குறைவு. உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்தால் போதும், மறைந்துவிடும். மரம் தேய்ந்து தாழ்ந்தால், அதோடு சமமாகப் பதித்திருந்த இரும்புத் தகடுகளும் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். தேய்த்த கட்டையை நிபுணர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

மூல மெருகு எது?

பழைய ராணுவக் கட்டைகளுக்குக் கண்ணாடி போன்ற பளபளப்பு கிடையாது. அவற்றுக்குப் பூசியது ஆளி விதை எண்ணெய். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகி, மரத்தின் நுண்துளைகளுக்குள்ளேயே கெட்டியாகிவிடும். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது. பிசுபிசுப்பாகவே இருந்து தூசியைச் சேர்க்கும். வீட்டில் இருக்கிறதே என்று அதைத் தடவக் கூடாது. இந்த மெருகின் மேல் பிற்காலத்தில் வார்னிஷோ அரக்கு பாலிஷோ பூசி "அழகுபடுத்திய" கட்டைகளும் உண்டு.

அப்படிப்பட்ட கட்டையை மீட்பதற்கு முதல் வேலை, மேலே இருப்பது என்ன என்று அறிவது. கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்த்தால், அரக்கு பாலிஷ் கரைந்து வரும். இறுகிப்போன ஆளி விதை எண்ணெய் அவ்வளவு எளிதில் கரையாது. பிறகு மேல் பூச்சை மட்டும் மென்மையான துணியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். அடியிலுள்ள கருமையை அழுக்கு என்று எண்ணிச் சுரண்டக் கூடாது. எண்ணெயும் கை வியர்வையும் காலமும் சேர்ந்து உண்டாக்கிய நிறம் அது.

அமுங்கிய பள்ளத்தின் மேல் ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒற்றினால், நசுங்கிய இழைகள் நீராவியில் உப்பி எழும். ஆனால் முத்திரை உள்ள இடத்தில் இதைச் செய்தால் முத்திரையும் மங்கிவிடும். கடைசியாக, ஆளி விதை எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக் கூடும். அதை விரித்துத்தான் காயவிட வேண்டும்.

எது வரை?

எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே பாதுகாப்பு வேதியியல் ஆய்வகம் தொடங்கிவிட்டது. அதன் முதல் வேதியியலாளர் எஸ். பரமசிவன் செப்புத் திருமேனிகளின் களிம்பை நீக்கும் முறைகளில் பெயர் பெற்றவர். களிம்பை நீக்கும்போது அடியிலுள்ள சிற்ப நுணுக்கம் போய்விடக் கூடாது என்பது அங்கே விதி. மரக்கட்டைக்கும் இதே விதிதான்.

புது மெருகை எந்த ஆசாரியும் ஒரு வாரத்தில் கொடுத்துவிடுவார். இருநூறு ஆண்டுத் தடத்தைத் திரும்பக் கொடுக்க யாராலும் முடியாது. கன்னிவாடிப் பாளையத்தின் படைவீரர்கள் பெயர் எழுதி வைக்காமலே போய்விட்டார்கள். அவர்கள் தோளில் சாய்ந்த கட்டை ஏதேனும் எங்காவது மிஞ்சியிருந்தால், அதிலுள்ள கீறல்கள்தான் அவர்கள் விட்டுச் சென்ற கையெழுத்து.