உப்பும் தாகமும்

தென்சீனத்துக் குவாங்டாங் மாநிலத்திலும் ஹாங்காங்கிலும் கான்டனீஸ் மொழி பேசும் மக்களிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. ‘கருவாடு தின்னத் துணிந்தவன் தாகத்தையும் தாங்கவேண்டும்’ என்பது அதன் பொருள். முத்தும் உப்பும் கருவாடும் தந்த தூத்துக்குடிக் கரையினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ‘உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டும்’ என்று நாமும் சொல்லுகிறோம் அல்லவா?

எனினும் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. நம் பழமொழி பெரும்பாலும் பிழை செய்தவனைச் சுட்டுவது. சீனப் பழமொழியோ தேர்வைப் பற்றியது. விளைவை அறிந்தே ஒரு செயலில் இறங்கியவன், அவ்விளைவு வரும்போது புலம்பலாகாது என்பது அதன் கருத்து. செயல் நல்லதாயினும் இவ்விதி பொருந்தும்.

இதற்குச் சான்று தூத்துக்குடி வரலாற்றிலேயே உண்டு. 1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கொழும்புக்குக் கப்பல் விட்டுவந்த ஆங்கிலக் கம்பெனியோடு போட்டியிடுவதன் விளைவை, வழக்கறிஞராகிய அவர் உணராதவரல்லர். 1908ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணைநின்றார். மார்ச்சு 12ஆம் நாள் கைதானார். ஜூலையில் இரண்டு ஆயுள் தண்டனைகளாக 40 ஆண்டுகள் விதிக்கப்பெற்றன. மேல்முறையீட்டில் அவை குறைந்தன. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையும் பறிபோயிருந்தது. வறுமை சூழ்ந்தது. ஆயினும் பொதுப்பணியை விட்டாரில்லை. சென்னையில் தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டார்.

மாணவர்களே, பழமொழியைக் கையாளுமிடத்தில் கவனம் வேண்டும். கோரல் ஆலைத் தொழிலாளரின் குறைந்த கூலியும் நீண்ட வேலைநேரமும் அவர்கள் விரும்பித் தேர்ந்தவையல்ல; வயிற்றுப்பாட்டின் நெருக்கடியால் ஏற்றவை. அவர்களை நோக்கி, ‘வேலைக்கு வந்தாய், பொறுத்துக்கொள்’ என்று இப்பழமொழியைச் சொல்லுதல் அறமன்று. பிறர் சுமத்திய துன்பத்துக்கும் இயற்கையால் நேர்ந்த இழப்புக்கும் இது பொருந்தாது.

சிதம்பரனார் இவ்வேறுபாட்டைத் தம் வாழ்க்கையால் காட்டினார். தாம் தேர்ந்த பணியின் தாகத்தைத் தாமே தாங்கினார். தொழிலாளரின் தாகத்தையோ தணிக்க முற்பட்டார். ஆகவே இப்பழமொழியைப் பிறர்மீது எறியும் கல்லாகக் கொள்ளாதீர்கள். ஒரு செயலில் இறங்குமுன், ‘இதன் தாகத்தை நான் தாங்குவேனா?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பொறுப்பு என்பது அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.