ஒரு பாய்மரம் திருத்த வந்தவர்கள்

கண்டியில் கடல் இல்லை. ஆனால் கண்டி இராச்சியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் பெரிய புத்தகம், ஒரு கப்பல் பழுதாகிப் போனதால் வந்தது. ரொபர்ட் நொக்ஸ் என்றதும் பத்தொன்பது வருஷம் கைதியாக இருந்தவர், தப்பி ஓடினவர் என்று உடனே சொல்லிவிடுவோம். அந்த மனுஷன் கரைக்கு ஏன் வந்தார் என்று கேட்டால்? எங்களுக்கும் கொஞ்ச நாளைக்கு முதல் தெரியாது.

1659 நவம்பர் 19. மசூலிப்பட்டினத் துறையில் புயல். கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடிய 'ஆன்' என்ற கப்பல் அங்கே நின்றது. கப்பலைக் காப்பாற்ற நடுப் பாய்மரத்தை அடியோடு வெட்டிக் கடலில் விட்டார்கள். புயலுக்குள் அது சரியான முடிவுதான். உயர்ந்த மரம் காற்றைப் பிடிக்கும், கப்பலைச் சரிக்கும், நங்கூரத்தையும் இழுக்கும். பிரச்சினை புயல் ஓய்ந்த பிறகுதான் தொடங்குது.

கப்பல் சொன்ன பக்கம் திரும்பாவிட்டால் எல்லாரும் முதலில் சுக்கானைத்தான் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேணும்: கீல் கழன்றிருக்கா, பலகை வெடித்திருக்கா, பிடி லேசாக அசையுதா? ஆனால் சுக்கானில் ஒரு குறையும் இல்லாமலே கப்பல் சொல்கேளாமல் போகும். தண்ணீர் உரசி ஓடினால்தான் சுக்கானுக்கு வேலை. கப்பலுக்கு வேகம் இல்லையென்றால் அது வெறும் பலகை. அடுத்தது பாய்களின் சமநிலை. முன் பாய் கப்பலின் மூக்கைக் காற்றிலிருந்து விலக்கித் தள்ளும். பின் பாய் அதே மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பும். பெரிய பாயைச் சுமக்கிற நடு மரம் போய்விட்டால் வேகமும் போகும், மிச்சப் பாய்களைச் சமன்படுத்துவதும் பெரும்பாடு. சுக்கான் பிடிக்கிறவனுக்குத்தான் கை நோகும்.

'ஆன்' கப்பலில் நோயைக் கண்டுபிடிக்க வைத்தியர் தேவைப்படவில்லை. மருந்துதான் தேவைப்பட்டது, அதாவது மரம். சென்னைக் கோட்டையில் இருந்த கம்பனி அதிகாரி, கொட்டியாரத்துக்குப் போய் மரத்தைச் சரிசெய்யுங்கோ, அப்படியே கொஞ்சம் துணியும் வியாபாரம் பண்ணுங்கோ என்று அனுப்பிவிட்டார். கொட்டியாரம் என்பது இன்றைய மூதூர்ப் பக்கம். கப்பலில் பரங்கிப்பேட்டை வியாபாரிகள் சிலரும் வந்து இறங்கினார்கள். நொக்ஸ் அவர்களைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார், பெயர் இல்லை. கூடப் பிடிபட்ட ஆங்கிலேயரின் கதையெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கு. எங்கட ஆக்கள் வாசித்தால் இந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வரும், வரட்டும்.

அந்த நேரம் கண்டியை ஆண்டவர் இரண்டாம் இராஜசிங்கன். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்து முடித்திருந்தார்கள். மலைநாட்டு அரசனுக்குக் கடல் பக்கம் மிச்சமிருந்த வாசல்களில் ஒன்று கொட்டியாரம். அந்த வாசலில் அந்நியக் கப்பல் ஒன்று வந்து நாள்கணக்காக நிற்குது. அரசனுக்குக் கடிதமும் இல்லை, கையுறையும் இல்லை. பிடிபட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நொக்ஸே எழுதுகிறார். இதை 'கொடுங்கோலனின் சதி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம் என்றுதான் எங்களுக்குப் படுது. மரத்தின் பழுதைச் சரியாகப் பார்த்தவர்கள், யாருடைய துறையில் நிற்கிறோம் என்பதைப் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

1660 ஏப்ரலில் திசாவ படையோடு வந்தார். கரையில் புளியமரத்தடியில் இருந்த கப்டனைப் பிடித்தார்கள். அன்று காலையில் நீள்படகில் போனவர்களும் மாட்டினார்கள். அவர்கள் போனது மரம் வெட்ட! முறிந்த கைக்கு மட்டை வைத்துக் கட்டுகிற மாதிரி, பாய்மரத்தின் பக்கங்களில் வைத்து இறுக்கிக் கட்டுகிற துண்டுகளுக்காக.

கப்டனின் மகன், அதாவது புத்தகம் எழுதிய நொக்ஸுக்கு, அப்போது 19 வயது. கப்பலுக்குப் போய்ச் செய்தி சொல்லிவர அவரை அனுப்பினார்கள். அங்கேயே நின்றிருக்கலாம். அப்பா இருக்கிறாரே என்று திரும்பி வந்தார். கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போனது. அடுத்த வருஷம் பெப்ரவரியில், பண்டார கொஸ்வத்தையில், அப்பா காய்ச்சலில் இறந்துபோக, தானும் காய்ச்சலோடு கிடந்த மகன்தான் அடக்கம் செய்ய வேண்டி வந்தது.

பிறகு தொப்பி பின்னினார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், ஊர் ஊராகச் சாமான் விற்றார். உடுநுவரையில் எலதெத்த என்ற ஊரில் காணி வாங்கி வீடும் கட்டினார். பேராதனைக் கம்பஸிலிருந்து அது கிட்டத்தான்.

1679இல் அவரும் ஸ்டீபன் ரட்லண்டும் வியாபாரிகள் போல வடக்கே நடந்து, அநுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாவை விடாமல் பிடித்துக்கொண்டு காட்டுக்குள்ளால் போனார்கள். ஆறு எப்படியும் கடலுக்குத்தானே போகும்? அக்டோபர் 18ஆம் திகதி, அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1681இல் புத்தகம் வந்தது. அதே வருஷம் கம்பனி அவருக்கு ஒரு கப்பலும் கொடுத்தது.