வெயில் மண்ணில் வைட்டமின் டி குறைவு: சிவகாசித் தொழிலாளரின் பல் இம்ப்ளாண்டும் ஈறின் காப்பும்

1965இல் சுவீடனில் பிரோனமார்க் முதல் நோயாளியின் தாடையில் டைட்டானியம் திருகைப் பொருத்திய நாள் முதல், எலும்பு உலோகத்தைப் பற்றிக்கொள்கிறதா என்பதே பல் இம்ப்ளாண்டின் வெற்றிக்கு அளவுகோலாக இருந்து வருகிறது. வைட்டமின் டி பற்றிய பேச்சும் அதனால் எலும்போடு நின்றுவிடுகிறது. ஆனால் பொருத்திச் சில ஆண்டுகள் கழித்து இம்ப்ளாண்டைத் தளரச் செய்வது பெரும்பாலும் அதைச் சுற்றிய ஈறில் தொடங்கி எலும்பை அரிக்கும் அழற்சி. இயற்கைப் பல்லில் இணைநார்கள் வேரின் மேற்பரப்பில் குறுக்கே ஊன்றி நிற்கின்றன. இம்ப்ளாண்டிலோ அவை உலோகத்துக்கு இணையாக ஓடுகின்றன, ஊன்றுவதில்லை. பற்சுற்று இணைநார் வழியாக வரும் ரத்த ஓட்டமும் அங்கே இல்லை. அரண் இப்படி மெலிந்த இடத்தில் ஈறுச் செல்கள் தாமே சுரக்கும் கிருமிக்கொல்லிப் பொருள்களின் பங்கு கூடுகிறது. ஆகவே சிவகாசி வட்டாரத்தில் இம்ப்ளாண்டுக்கு முன் வைட்டமின் டி அளவைப் பார்ப்பதற்கு எலும்பைவிட ஈறின் காப்பே வலுவான காரணம் என்பதும், யாருக்குப் பார்ப்பது என்பதை நோயாளியின் தொழிலைக் கேட்டு முடிவு செய்யலாம் என்பதும் என் வாதம்.

2006இல் லியூ, மாட்லின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. கிருமியை உணர்ந்த விழுங்கணுக்கள், ரத்தத்தில் சுற்றும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டியை உள்ளே இழுத்து, தாமே செயல்வடிவமாக மாற்றி, கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைப் பெருக்குகின்றன. இருப்பு குறைந்திருந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் ரத்தநீரில் வைத்தபோது இந்தப் பெருக்கம் மங்கியது; வைட்டமினைச் சேர்த்ததும் மீண்டது. ஈறின் மேற்புறச் செல்களிலும் வைட்டமின் டி இதே புரதத்தைத் தூண்டுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இதில் மருத்துவர்கள் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. இருப்பு குறையும்போது பாராதைராய்டு சுரப்பி சிறுநீரகத்தை முடுக்கி, ரத்தத்தில் செயல்வடிவத்தையும் கால்சியத்தையும் நெடுநாள் சரியாகவே வைத்திருக்கும். விழுங்கணுக்களுக்கு அந்த முடுக்கம் கிடையாது. வெளியிலிருந்து வரும் இருப்பை நம்பியே அவை இயங்குகின்றன. கால்சியம் சரியாக இருக்கிறது என்ற சோதனை அறிக்கை ஈறைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வைட்டமின் டி குறைந்த எலிகளில் இம்ப்ளாண்டை எலும்பு பற்றுவது தளர்ந்ததை 2009இல் கெல்லி குழுவினர் காட்டினர். அது எலும்புக்கான சான்று. கேத்தலிசிடின் மரபணுவில் வைட்டமின் டிக்கு இணங்கும் பகுதி மனிதன் உள்ளிட்ட முதனிகளில்தான் உண்டு, எலியில் இல்லை. ஆகவே ஈறின் காப்பை எலியில் தேட முடியாது.

வெயில் கொளுத்தும் விருதுநகர் மாவட்டத்தில் குறைவு எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. நிலநடுக்கோட்டுக்கு ஒன்பதரைப் பாகை வடக்கே கிடக்கும் கரிசல் பூமி இது. ஆனால் தோலில் வைட்டமின் டி உருவாக்கும் புற ஊதா பி கதிர் நண்பகலை ஒட்டியே செறிவாக விழுகிறது. திருப்பதி வட்டாரத்தில் ஹரிநாராயண் செய்த ஆய்வுகளில் பகல் 11 முதல் 2 மணி வரையே உற்பத்தி உச்சத்தில் இருந்தது. வயலில் உழைப்பவர்களைவிட நகரவாசிகளுக்கு இருப்பு குறைவு என்பதையும் அவர் குழுவினர் பதிவு செய்தனர். சிவகாசியில் அந்த நேரம் வெடிமருந்து கலக்கும் அறையிலும், சரவெடி பின்னும் கொட்டகையிலும், அச்சகத்திலும் கழிகிறது. வெடியைக் காயப்போடும் மேடையில் வேலை செய்பவர் மட்டும் விதிவிலக்கு. கருத்த தோலுக்குக் கூடுதல் நேர வெயில் வேண்டும் என்பதையும் சேர்த்தால், ஊருக்குக் கிடைக்கும் வெயில் வேறு, உடம்புக்குக் கிடைக்கும் வெயில் வேறு என்பது தெளிவாகும்.

மருத்துவமனைச் சான்று மெலிந்தது என்பது கனமான எதிர்வாதம். 2018இல் மங்கானோ குழுவினர் 885 நோயாளிகளை ஆராய்ந்தனர். மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களில் 11.1 விழுக்காட்டினருக்கும், 30க்கு மேல் இருந்தவர்களில் 2.9 விழுக்காட்டினருக்கும் இம்ப்ளாண்ட் தொடக்கத்திலேயே தோற்றது. வேறுபாடு கண்ணைப் பறித்தாலும் புள்ளியியல் அதை ஏற்கவில்லை. கடுங்குறைவுக் குழுவில் இருந்தவர்களே 36 பேர். தவிர, தொடக்கத் தோல்வி வேறு, பின்னாளில் வரும் சுற்றழற்சி வேறு. இந்த ஆய்வைக் காட்டி என் வாதத்தை நிறுவ முடியாது. இதைக் காட்டி மறுக்கவும் முடியாது. அழற்சியே ரத்தத்தில் வைட்டமின் டி அளவை இறக்கும் என்பது இன்னொரு தடை. அதனால்தான் ஈறு நலமாக இருக்கும்போது, பொருத்துவதற்கு முன்பே எடுத்த அளவுக்கு மதிப்பு அதிகம்.

மருந்தாகக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகள் தோற்றனவே என்பார்கள். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் சோதனையில் தினம் 2000 அலகு கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறைவே இல்லை. நிரம்பிய கண்மாயில் மேலும் நீர் பாய்ச்சிப் பயன் என்ன? நலமான பெரியவர்களுக்கு வழக்கமாகச் சோதனை வேண்டாம் என்ற 2024ஆம் ஆண்டு அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவச் சங்கத்தின் பரிந்துரையும் எல்லோருக்கும் சோதிப்பதைத்தான் தடுக்கிறது. நான் கேட்பது, கூரைக்கடியில் பகல் முழுதும் உழைப்பவருக்கு, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவருக்கு, ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. புகையிலையை நிறுத்துவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் அதற்கு முன்னே நிற்க வேண்டியவை. அவற்றின் இடத்தை எந்த மாத்திரையும் பிடிக்காது. அளவு பார்க்காமலே ஆறு லட்சம் அலகு ஊசியைப் போட்டுவிடும் பழக்கம் இதற்கு மாற்றாகாது. மிகை அளவு ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் வாரம் ஒன்றாகச் சில வாரம் மருந்து கொடுத்து, மறுபடி அளந்த பிறகு திருகைப் பொருத்தலாம். அவசரமில்லாத சிகிச்சையில் அந்தச் சில வாரம் தாமதம் ஆகாது.