எதிர்ப்பு என்னும் ஒற்றைச் சொல்

மாட்டுங்காவில் என்னுடன் தங்கியிருக்கும் தோழி, லென்ஸ் டப்பியில் கரைசலை ஊற்றி மூடிவிட்டு, "எல்லாக் கிருமியும் செத்துவிடும்" என்பாள். அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு.

1961இல் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே நீரை ஈர்க்கும் மென்லென்ஸை வார்த்தெடுத்தார். அதை முதலில் வெப்பத்தாலும் பின்னர் கரைசலாலும் கிருமிநீக்கம் செய்தனர். 2001இல் வந்த ஐஎஸ்ஓ 14729 தரநிலை, சூடோமோனாஸ் உள்ளிட்ட மூன்று பாக்டீரியாக்களில் ஆயிரத்துக்கு 999ஐக் கரைசல் கொல்ல வேண்டும் என்றது. சோதனையில் அவை தனித்து மிதப்பவை. டப்பியிலோ சுவரில் ஒட்டி, தாமே சுரந்த பிசினுக்குள் குடியிருப்பவை. இவ்வாழ்முறையைக் காஸ்டர்டன் 1978லேயே விளக்கியிருந்தார்.

மரபணு தரும் எதிர்ப்பு வேறு. பிசின் தரும் புகலிடம் வேறு. நாமோ இரண்டையும் 'எதிர்ப்பு' என்றே சொல்கிறோம். முன்னதன் கொடுமையை 2023இல் கண்டோம்: சென்னை அருகே தயாரான கண் சொட்டு மருந்துடன் தொடர்புபடுத்தப்பட்ட, மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாஸ், அமெரிக்காவில் 81 பேரிடம் கண்டறியப்பட்டது, நால்வர் இறந்தனர். பின்னதை வெல்ல விரல்களும் வேண்டும்: லென்ஸைத் தேய்த்தல், பழைய கரைசலைக் கொட்டுதல், டப்பியைத் துடைத்து உலர்த்துதல்.

தோழியின் டப்பி இப்போது சன்னலோரம் கவிழ்ந்து காய்கிறது.