முதியோரைத் தலைநகரிலிருந்து அனுப்பும் யோசனை: ஜப்பான் தரும் பாடம்

ஜப்பானில் நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர் 65 வயதைக் கடந்தவர்கள். பொருளாதாரம் வேகமாக வளர்ந்த காலத்தில் வேலை தேடி டோக்கியோவில் குடியேறிய இளைஞர்கள், இன்று ஒரே சமயத்தில் முதுமையடைந்து நிற்கிறார்கள். நிலமும் பணியாளர்களும் போதாத தலைநகரில் இவர்களை யார் பராமரிப்பது?

முன்னாள் அமைச்சர் ஹிரோயா மசுதா தலைமையிலான ஜப்பான் கொள்கை மன்றம் 2015 ஜூனில் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. 2025-இல் டோக்கியோ வட்டாரத்தில் சுமார் 1,30,000 பேருக்குப் பராமரிப்பு இல்லங்களில் இடம் கிடைக்காது என்று அது கணித்தது. எனவே மருத்துவ வசதி மிச்சமுள்ள 41 வட்டாரங்களுக்கு முதியோர் குடிபெயர ஊக்குவிக்கலாம் என்றது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற பெப்பு நகரமும் அப்பட்டியலில் இருந்தது.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. வயதானவர்களை மலையில் கொண்டுபோய் விட்டுவரும் பழைய ஜப்பானியக் கதையைப் பலர் நினைவுகூர்ந்தார்கள். பராமரிப்புக் காப்பீட்டுச் செலவில் ஒரு பங்கு உள்ளாட்சிகளின் தலையில் விழுவதால், சிற்றூர்களும் தயங்கின.

இதற்கு நல்ல முன்மாதிரியும் அங்கே உண்டு. கனசவா நகரில் 2014-இல் திறக்கப்பட்ட 'ஷேர் கனசவா' குடியிருப்பில் முதியோர், கல்லூரி மாணவர்கள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் ஆகியோர் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். அங்கே முதியவர் வெறும் நோயாளி அல்லர், அண்டை வீட்டுக்காரர்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். இடநெருக்கடிக்காக அனுப்பிவைப்பது வேறு. மனம் விரும்பி, மனிதர்கள் நடுவே வாழப் போவது வேறு.

பெற்றோர் நம்மிடம் முதுமையை அடைந்தால் அவர்களிடம் 'சீ' என்றுகூடச் சொல்லலாகாது, கனிவாகவே பேச வேண்டும் என்று அல்குர்ஆன் (17:23) கட்டளையிடுகிறது. ஒரு சொல்லுக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், அவர்களைக் கேட்காமல் வீட்டையே மாற்றுவதை என்னவென்பது?

வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பிள்ளைகள் வாழும் குடும்பங்கள் நம் சமுதாயத்திலும் ஏராளம். முதியோர் குடியிருப்பே வழி என்ற நிலை வந்தால், முதலில் பெற்றோரின் விருப்பத்தைக் கேட்போம். மருத்துவமனை அருகில் உள்ளதா, பள்ளிவாசலுக்கு நடந்து போக முடியுமா, பேச்சுத் துணைக்கு ஆள் உண்டா என்று நேரில் பார்ப்போம். மாதம் எத்தனை முறை நாம் போய்வர முடியும் என்பதையும் முன்பே முடிவு செய்வோம். பணம் கட்டிவிட்டால் பிள்ளைகளின் கடமை முடிந்துவிடுவதில்லை.