அஞ்சு டாலர் சிப்பும் பாட்டி ரூம் லைட்டும்

எங்கள் பாட்டி ராத்திரியில் ரெண்டு தடவையாவது எழுந்திருப்பார். இருட்டில் சுவிட்சைத் தேடப்போய் ஒருமுறை கட்டில் காலில் நன்றாக இடித்துக்கொண்டார். அதனால் ஒரு 'ஸ்மார்ட்' பிளக் வாங்கி மாட்டினேன். சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக விளக்கு எரியும், காலையில் அணையும். எட்டு மாசம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் அந்தக் கம்பெனி (பெயர் வேண்டாமே) தன் சர்வரை மூடிவிட்டது. வீட்டில் கரண்ட் இருக்கிறது, வை-ஃபை இருக்கிறது, பிளக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. விளக்கு மட்டும் எரியவில்லை.

"ஏன்டா, நம்ம வீட்டு லைட்டைப் போட எவன்கிட்டடா பர்மிஷன் கேக்கணும்?" என்றார் பாட்டி.

நான் பி.காம். படிப்பவன். பதில் தெரியவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் நண்பனிடம் புலம்பினேன். "ஒரு வை-ஃபை போர்டு வாங்கி நீயே செஞ்சுக்கோ" என்றான். எந்த போர்டு வாங்குவது என்று தேடினால் டஜன் கணக்கில் கிடக்கிறது. தேடத் தேட, போர்டோடு சேர்த்து ஒரு நல்ல வியாபாரக் கதையும் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை 2005-ல், இத்தாலியின் இவ்ரியா என்ற ஊரில் ஆரம்பிக்கிறது. அங்கே இருந்த டிசைன் கல்லூரியில், எலெக்ட்ரானிக்ஸ் தெரியாத மாணவர்களும் பயன்படுத்தட்டும் என்று மாசிமோ பான்சியும் நண்பர்களும் உருவாக்கியதுதான் ஆர்டுயினோ போர்டு. விளக்கை எரிக்கும், மோட்டாரைச் சுற்றும். ஆனால் நெட்வொர்க்கில் பேசத் தெரியாது. அதற்காக 2012-ல் ஒரு வை-ஃபை ஷீல்டு வந்தது. விலை 80 டாலருக்கு மேல்! போர்டை விட அதன் தலையில் வைக்கும் தொப்பிக்கு விலை அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

2013-ல் ஸ்பார்க் கோர் என்ற வை-ஃபை போர்டு 39 டாலருக்கு வருவதாக அறிவித்து, கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் பணம் கேட்டார்கள். கேட்டது 10,000 டாலர். வந்ததோ 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல். எங்கள் பாடத்தில் சொல்வது போல, தேவை இருந்தது. கட்டுப்படியாகும் விலையில் அளிப்பு இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் 39 டாலர் யார் கொடுப்பார்கள்?

அந்த இடைவெளியில் நுழைந்தது ஷாங்காய் நகரத்தின் எஸ்பிரெசிஃப். சிங்கப்பூர்க்காரரான தியோ ஸ்வீ ஆன் 2008-ல் தொடங்கிய சின்னக் கம்பெனி. முதலில் டேப்லெட்டுகளுக்கு வை-ஃபை சிப் செய்துகொண்டிருந்தவர்கள், 2014-ல் ஈஎஸ்பி8266 என்ற சிப்பைக் கொண்டுவந்தார்கள். ஷென்சென் நகரத்தின் ஏஐ-திங்கர் அதைக் கட்டைவிரல் அகலத்துக்கும் குறைந்த ஒரு பலகையில் வைத்து ஈஎஸ்பி-01 என்று விற்றது. அந்த ஆகஸ்டில் ஹேக்கடே இணையதளம் இதைப்பற்றி எழுதியபோது, எல்லோர் கண்ணையும் விரிய வைத்தது விலைதான். அஞ்சே டாலர்!

வேடிக்கை என்னவென்றால், அதை யாரும் 'மூளை'யாக விற்கவில்லை. வேறொரு போர்டுக்கு எடுபிடியாக விற்றார்கள். 1981-ல் வந்த ஹேய்ஸ் மோடத்தின் ஏடி கட்டளைகள் போலவே இதற்கும் கட்டளை கொடுக்க வேண்டும். ஆவணங்களோ சீன மொழியில். உலகமெங்கும் இருந்த ஆர்வலர்கள் உட்கார்ந்து அதை மொழிபெயர்த்தார்கள், சிப்பைக் குடைந்தார்கள். உள்ளே 80 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பிராசஸர் இருந்தது. எஜமான் ஆர்டுயினோ ஊனோவின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ்தான். எடுபிடி எஜமானை விடக் கெட்டிக்காரன்! அப்புறம் எஜமான் எதற்கு?

இங்கேதான் எஸ்பிரெசிஃப் ஒரு நல்ல முடிவை எடுத்தது. 2014 அக்டோபரில், சிப்புக்கு நேரடியாக நிரல் எழுதும் கருவித்தொகுப்பை வெளியிட்டது. அதே மாதம் லுவா மொழியில் எழுத உதவும் நோட்எம்சியு திட்டம் தொடங்கியது. 2015-ல் இவான் குரோகோட்கோவ் என்ற நிரலாளரின் உழைப்பில், ஆர்டுயினோவுக்கு எழுதுவது போலவே இந்தச் சிப்புக்கும் எழுத முடிந்தது. பிறகு அவரையே கம்பெனி வேலைக்குச் சேர்த்துக்கொண்டது.

கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் லாபத்தைக் கொண்டுவரும். சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிய குறிப்புகளும் நிரல்களும்தான் எஸ்பிரெசிஃபின் நற்பெயர். 2019 ஜூலையில் ஷாங்காய் பங்குச்சந்தையின் ஸ்டார் பிரிவு தொடங்கிய முதல் நாளே பட்டியலான 25 கம்பெனிகளில் அதுவும் ஒன்று. அவர்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். சிப்பின் ரேடியோ பகுதியை இயக்கும் நிரல் மூடியேதான் இருந்தது. ஆனால் விளக்கை எரிக்கத் தேவையானது திறந்திருந்தது.

மூடியே இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டுத் தானியங்கிப் பெட்டி 300 டாலருக்கு விற்றது. 2014-ல் நெஸ்ட் நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே 15-ல் சேவையை நிறுத்தியது. நல்ல நிலையில் இருந்த பெட்டிகள் ஒரே நாளில் வெறும் டப்பாவாகின. எங்கள் பாட்டிக்கு நடந்தது 300 டாலர் கொடுத்தவர்களுக்கும் நடந்திருக்கிறது!

அதே 2016-ல் நெதர்லாந்தின் தியோ அரெண்ட்ஸ், ஈஎஸ்பி8266 உள்ளே இருந்த சோனாஃப் சுவிட்சுகளில் கம்பெனியின் நிரலை நீக்கிவிட்டுத் தன் நிரலை ஏற்றினார். அதுதான் இன்றைக்கு டாஸ்மோட்டா. வெளியூர் சர்வர் தேவையில்லை, வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும்.

சரி, எதை வாங்குவது? நான் புரிந்துகொண்டது இது.

ஈஎஸ்பி-01: மலிவு. ஆனால் யுஎஸ்பி இல்லை, வசதியாகக் கிடைப்பது ரெண்டே பின். அந்த ரெண்டும் சிப் எழுந்திருக்கும் நேரத்தில் சரியான நிலையில் இருக்க வேண்டும். ரிலேயை அவற்றில் மாட்டினால் சிலசமயம் சிப் எழவே எழாது.

நோட்எம்சியு, டி1 மினி: அதே சிப், யுஎஸ்பி உண்டு. ஒரு விளக்கு, ஒரு ரிலேவுக்குத் தாராளம்.

ஈஎஸ்பி32: 2016-ல் வந்தது. ரெண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ், புளூடூத்தும் உண்டு. நிறைய சென்சார் வைப்பவர்களுக்கு இது.

ராஸ்ப்பெரி பை பிகோ டபிள்யூ: 2022-ல் 6 டாலருக்கு வந்தது. ஆவணங்கள் அருமை.

நாலுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையில்தான் பேசும். உங்கள் ரௌட்டரில் அது அணைந்திருந்தால் போர்டைத் திட்டாதீர்கள்!

நான் டி1 மினி வாங்கி டாஸ்மோட்டா ஏற்றினேன். எலெக்ட்ரீஷியன் அண்ணன்தான் ரிலேயை 230 வோல்ட் லைனில் சேர்த்துக் கொடுத்தார். அதில் மட்டும் யாரும் விளையாடாதீர்கள். ஆறு மணிக் கணக்கு போர்டுக்குள்ளேயே இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் மணி என்ன என்று மட்டும் இன்டர்நெட்டில் கேட்டுக்கொள்ளும். அதுவும் கிடைக்காத நாளுக்கு, கட்டில் பக்கத்தில் பாட்டி கைக்கு எட்டும்படி பழைய மாதிரி ஒரு சுவிட்சும் வைத்தாச்சு.

போர்டு வாங்குபவர்கள் முதலில் மெகாஹெர்ட்ஸைப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது முதலில் கேட்கும் கேள்வி வேறு: இதை விற்றவன் நாளைக்கே கடையை மூடினால் என் விளக்கு எரியுமா? பாட்டி கேட்ட அதே கேள்விதான், கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன், அவ்வளவே.