அரசு மடிக்கணினியும் காணாமல் போன பாகங்களும்

தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில். கொள்முதல் செய்தது எல்காட். எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கணினி. பிளஸ் டூ படிக்கும்போது என் அக்கா மகளுக்குக் கிடைத்ததும் அப்படித்தான்.

இப்போது அவள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். புதிது வாங்க வசதியில்லை. பரணில் கிடந்ததை எடுத்துப் பார்த்தால் ஹார்டு டிஸ்க், ராம், பேட்டரி மூன்றும் இல்லை. யாரோ கழற்றியிருக்கிறார்கள். அடாப்டர் மட்டும் தப்பியிருந்தது.

ரிச்சி தெருவுக்குப் போனேன். டிஸ்க் உடனே கிடைத்தது. அந்த இரண்டரை அங்குல அளவு 1988-இல் பிரெய்ரிடெக் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் நெடுநாள் நிலைக்கவில்லை, அளவு நிலைத்துவிட்டது. 2003-இல் சாட்டா இணைப்பும் வந்தபின், எந்தக் கம்பெனி டிஸ்கும் எந்தக் கம்பெனி மடிக்கணினியிலும் உட்காரும் என்றாகிவிட்டது. டிடிஆர்3 ராமுக்கும் 2007-இல் ஜெடெக் அமைப்பு பொது விதி வகுத்தது. அதுவும் கிடைத்தது.

பேட்டரிதான் அகப்படவில்லை. மாடலுக்கு ஒரு வடிவம், ஒரு கொக்கி. "அந்த மாடல் நின்னு பல வருஷம் ஆச்சு சார்" என்றார் கடைக்காரர். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்துப் பேட்டரிகளின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் 18650 என்ற ஒரே அளவு செல்கள்தான். மேலே போர்த்திய பிளாஸ்டிக் கூடுதான் ஆளுக்கொரு விதம். இதை வியாபாரத் தந்திரம் என்றே நான் சொல்வேன்.

லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அடாப்டரில் நேரடியாக ஓடுகிறது. கரண்ட் போனால் அணைந்துவிடும் என்பதால், எழுதுவதை அவ்வப்போது சேமித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.